காப்பிட்ட கம்பி ஆன்டெனாவின் வேகக் காரணி: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

அமெச்சூர் வானொலியில் கம்பி ஆன்டெனா கட்டுகிறவர்கள், உறையுள்ள கம்பி ஒன்றைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதன் வேகக் காரணி எவ்வளவு?" என்பதாகும். வெட்டவெளியில் செல்லும் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை கம்பி வழியே செல்கிறது என்று காட்டும் எண் அது. ஒருவர் 0.95 என்பார், இன்னொருவர் 0.97 என்பார், மூன்றாமவர் உறையால் எதுவுமே மாறுவதில்லை என்று சாதிப்பார். மூவரும் நேர்மையாக அளந்தவர்களாகவே இருக்கலாம். குழப்பம் கேள்வியிலேயே இருக்கிறது. வேகக் காரணி கம்பியின் தனிப் பண்பு அன்று. கம்பியும் அது தொங்கும் சூழலும் சேர்ந்து தரும் விளைவு அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் உறை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் கம்பியின் பரப்பை ஒட்டிய இடத்தில்தான் மிகச் செறிவாக இருக்கிறது. அந்த இடத்தைக் காற்றுக்குப் பதிலாகப் பி.வி.சி. அல்லது பாலிஎத்திலீன் நிரப்பும்போது ஒரு மீட்டருக்கான மின்தேக்குத்திறன் சற்றே கூடுகிறது. உறை காந்தப் பொருள் அல்லாததால் மின்தூண்டல் எண் மாறுவதில்லை. ஒன்று கூடி மற்றொன்று அப்படியே நிற்பதால் அலை மெதுவாகிறது. நடுக்கடத்தியைச் சுற்றி உறையும் அதன் மேல் உலோகப் பின்னலும் உள்ள கோஆக்சியல் கேபிளில் புலம் முழுவதும் உறைக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் திண்மப் பாலிஎத்திலீன் கேபிளின் வேகக் காரணி 0.66 வரை இறங்குகிறது. ஆன்டெனாக் கம்பியிலோ புலத்தின் சிறு பகுதியே உறைக்குள் இருக்கிறது. ஆகவே வேகக் காரணி பெரும்பாலும் 0.95க்கும் 0.98க்கும் இடையில் நிற்கிறது.

கணக்குக்கு இரண்டு எண்கள் போதும். கடத்தியின் ஆரத்தை 'க' என்றும், உறையையும் சேர்த்த வெளி ஆரத்தை 'உ' என்றும், உறைப் பொருளின் ஒப்புமை விடுதிறனை (காற்றைவிட எத்தனை மடங்கு மின்தேக்குத்திறன் தருகிறது என்ற எண்ணை) 'வி' என்றும் கொள்வோம். மடக்கை என்று எழுதும் இடமெல்லாம் இயல் மடக்கையே.

உறை எண் = (1 − 1/வி) × மடக்கை(உ/க)

வேகக் காரணி = √(1 − உறை எண் ÷ சூழல் எண்)

சூழல் எண் என்று நான் பெயரிட்டிருப்பது கம்பி எங்கே, எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவில் ஊட்டப்படும், இரு கைகள் கொண்ட அரையலை டைபோலுக்கு அது ஏறத்தாழ மடக்கை(முழு நீளம்/க) − 1 ஆகும். இணையாக ஓடும் இரு கம்பிகளுக்கு மடக்கை(இடைவெளி/க) ஆகும். உறை எண் மட்டுமே கம்பிக்குச் சொந்தமானது. குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டியதும் அதுவே. எடுத்துக்காட்டாக, 0.9 மி.மீ. ஆரமுள்ள கடத்தியின் மேல் 0.8 மி.மீ. தடிமனில் பி.வி.சி. உறை இருந்து, அதன் விடுதிறன் 3.5 என்றும் கொண்டால் உறை எண் 0.45 ஆகிறது. இந்தக் கம்பியையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: ஒத்ததிர்வு எதிர்பார்த்ததைவிட 2 முதல் 4 சதவீதம் கீழே விழுகிறது

வெற்றுக் கம்பியில் சரியாக அமைந்த அளவை அப்படியே உறையுள்ள கம்பிக்கு எடுத்துக்கொண்டிருந்தால் இது பிழையே அன்று; எதிர்பார்க்க வேண்டியதே. எடுத்துக்காட்டுக் கம்பியில் முழு நீளம் 20 மீ. உள்ள டைபோல் கட்டினால் சூழல் எண் 9 ஆகிறது. வேகக் காரணி 0.975 ஆகிறது. வெற்றுக் கம்பியில் 7.200 மெகாஹெர்ட்ஸில் நின்ற ஒத்ததிர்வு உறையுள்ள கம்பியில் 7.02 அருகே வந்து நிற்கும். இரு கைகளையும் சமமாக, அதே விகிதத்தில் குறைத்தால் போதும்.

இறக்கம் 5 சதவீதத்தைத் தாண்டினால் உறையை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. கம்பி மரக்கிளைகளையோ சுவரையோ உரசிச் செல்கிறதா, தரைக்கு மிக அருகே தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் கம்பியில் மண்ணே அலையைப் பெரிதும் மெதுவாக்கிவிடும். அங்கே உறையின் பங்கு மிகச் சிறியது.

அறிகுறி: வெட்டிய கம்பி குட்டையாகிவிட்டது, ஒத்ததிர்வு மிக மேலே நிற்கிறது

காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. கேபிள் அட்டவணையில் கண்ட 0.66ஐ ஆன்டெனாவின் நீளத்தோடு பெருக்கியிருப்பது முதலாவது. அப்படி வெட்டியவருக்கு மூன்றில் ஒரு பங்கு கம்பி வீணாகியிருக்கும். ஒரே குறைப்பை இரண்டு முறை கணக்கில் சேர்த்திருப்பது இரண்டாவது. 142.6 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும் என்ற பழைய சூத்திரத்தில், வெட்டவெளியின் அரையலை நீளமான 149.9 இலிருந்து ஏறக்குறைய 5 சதவீதம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கழிவு கம்பி முனைகளின் விளைவுக்காக வைக்கப்பட்டது, உறைக்காக அன்று. அதன் மேல் மீண்டும் 0.95 ஆல் பெருக்கினால் கம்பி குட்டையாவதில் வியப்பில்லை.

அறிகுறி: உறையுள்ள கம்பியை வெட்டியும் பழைய சூத்திரமே சரியாக வருகிறது

"உறையால் எதுவும் மாறுவதில்லை" என்ற நம்பிக்கையின் ஊற்றுக்கண் இதுதான் என்று நினைக்கிறேன். நீளம் விட்டத்தைப் போல் 5000 மடங்கு இருக்கும் வெற்று டைபோல், வெட்டவெளியில் அரையலையைவிடச் சுமார் 2 சதவீதமே குட்டையாக இருக்கும்போது ஒத்ததிர்கிறது. பழைய சூத்திரமோ 5 சதவீதம் கழிக்கிறது. அதாவது மெல்லிய வெற்றுக் கம்பிக்கு அது சற்று அதிகமாகவே கழிக்கிறது. 0.98 ஐ 0.975 ஆல் பெருக்கினால் 0.955, சூத்திரத்தில் மறைந்திருக்கும் எண் 0.951. இரண்டு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவது ஓர் எண்ணோடு தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவே. உயரத்தை மாற்றினாலோ வேறு கம்பியை எடுத்தாலோ இந்தப் பொருத்தம் கலைந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு எண் கிடைக்கிறது

அளக்க வேண்டிய விளைவே மொத்தத்தில் 2.5 சதவீதம்தான். அதிர்வெண்ணில் 1 சதவீதப் பிழை நுழைந்தால் விளைவில் ஏறக்குறைய பாதி பிழையாகிவிடும். எனவே இந்த அளவீட்டில் சாதாரண ஆன்டெனாச் சரிபார்ப்பில் தேவைப்படாத கண்டிப்பு தேவைப்படுகிறது.

முதல் சோதனை, கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடுகிறதா என்பதாகும். கேபிளோடு இரண்டு மீட்டர் துண்டு ஒன்றைக் கூடுதலாக இணைத்தாலோ, ஒத்ததிர்வை அளக்கும் வி.என்.ஏ. கருவியைக் கையால் பற்றினாலோ ஒத்ததிர்வு நகர்ந்தால், அளக்கப்படுவது டைபோல் மட்டும் அன்று. கேபிளும் சேர்ந்த ஒரு மூன்று கை ஆன்டெனா. ஊட்டுமுனையிலேயே, அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்திலேயே, அந்த மின்னோட்டத்தைத் தடுக்க ஃபெரைட் வளையத்தில் சுற்றிய நல்ல சோக் ஒன்றை வைக்காமல் மேலே செல்வது வீண்.

அடுத்து, எந்த இடத்தில், எதைப் படிக்கிறோம் என்பது. குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திரும்பும் அலை எவ்வளவு என்று காட்டும் விகிதம்) தரும் அதிர்வெண்ணும், மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்) சுழியாகும் அதிர்வெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதுவும் கேபிளின் கீழ்முனையில் கண்ட சுழி, கேபிள் நீளத்தால் உருமாறிய சுழியாகும். ஆகவே திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் ஆகிய மூன்று அளவுத்திருத்தங்களையும் ஊட்டுமுனையில் இணைக்கப் போகும் கேபிள் நுனியிலேயே செய்துவிட்டுப் பிறகு ஆன்டெனாவை இணைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பீட்டுக்கான வெற்றுக் கம்பி. அதே சுருளிலிருந்து இன்னொரு துண்டை வெட்டி, உறையை உரித்து, அதே நீளத்துக்குக் கொண்டுவந்து, அதே கப்பிகளில், அதே உயரத்தில், அதே தொய்வோடு தொங்கவிட்டு அளப்பதே முறை. இரு அதிர்வெண்களின் விகிதமே வேகக் காரணி. வேறு தடிமனுள்ள செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் தடிமனின் விளைவும் உறையின் விளைவும் கலந்துவிடும். மென்செம்பு இழுவிசையில் நீளும் என்பதால், அளந்து கம்பியை இறக்கிய பின் நீளத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பத்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் என்பது 0.1 சதவீதம், அந்த அளவுக்குக் கவனித்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை.

அறிகுறி: மேசை அருகே அளந்தால் 0.94, மேலே ஏற்றினால் 0.975

இரண்டும் சரியே. டைபோலை ஏற்றி இறக்கும் சிரமத்தைத் தவிர்க்க, ஒரே கம்பியின் இரு துண்டுகளை 50 மி.மீ. இடைவெளியில் இணையாகக் கட்டி, கால் அலை ஒத்ததிர்வைக் கண்டு வேகக் காரணியைக் கணக்கிடுவது வழக்கம். அங்கே சூழல் எண் 4.02 மட்டுமே, டைபோலின் 9 ஐவிட மிகக் குறைவு. புலம் இரு கம்பிகளுக்கு இடையே குறுகி நிற்பதால் உறையின் பங்கு பெரிதாகிறது. √(1 − 0.45/4.02) என்பது 0.942. இந்த 0.942 ஐ எடுத்துக்கொண்டு டைபோலை வெட்டினால் அது 3 சதவீதத்துக்கு மேல் குட்டையாகிவிடும்.

ஆனால் இந்த அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் இதுவே மிகத் துல்லியமான வழியாகிறது. விளைவு பெரிது என்பதால் பிழையின் பங்கு சிறிது.

உறை எண் = (1 − வேகக் காரணியின் வர்க்கம்) × மடக்கை(இடைவெளி/க)

முனையில் புலம் சற்றே வெளியே பரவுவதாலும், இணைப்புக் கம்பிகளாலும் இந்த இணைக் கம்பிகளின் (இணையிழையின்) நீளம் சில சென்டிமீட்டர் கூடியதுபோல் தோன்றும். அதை நீக்க இரண்டு நீளங்களில் அளக்கலாம். 6 மீ. நீளத்தில் 11.71 மெகாஹெர்ட்ஸும், பாதியாக வெட்டிய 3 மீ. நீளத்தில் 23.30 மெகாஹெர்ட்ஸும் கிடைப்பதாகக் கொள்வோம். இரண்டின் தலைகீழ் மதிப்புகளின் வேறுபாடு 0.0425 மைக்ரோநொடி. நீள வேறுபாடான 3 மீட்டரின் நான்கு மடங்கை, 299.8 ஐயும் 0.0425 ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால் 0.942 வருகிறது, முனை விளைவு கழிந்துவிட்டது. இணையிழையைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கித் தொங்கவிட வேண்டும், வி.என்.ஏ.வுக்கும் அதற்கும் இடையே சோக் இருக்க வேண்டும் என்பவை இங்கும் பொருந்தும்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. கம்பியை வளைத்து, இரு முனைகளும் வெளியே நிற்க, நடுப்பகுதியை உப்புநீரில் மூழ்கடித்து, கடத்திக்கும் நீருக்கும் இடையேயுள்ள மின்தேக்குத்திறனை அளந்தால் உறை எண் நேராகவே கிடைத்துவிடும். ஒரு மீட்டருக்கான மின்தேக்குத்திறனைப் பிகோஃபாரடில் எடுத்துக்கொண்டு, மடக்கை(உ/க) இலிருந்து 55.6 ÷ மின்தேக்குத்திறன் என்பதைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக் கம்பி 306 பிகோஃபாரட் காட்டும், 0.636 − 0.182 = 0.454. விடுதிறன் என்ன என்று ஊகிக்கவே தேவையில்லாத முறை இது. ஓர் எச்சரிக்கை: பாலிஎத்திலீனும் டெஃப்லானும் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே விடுதிறன் காட்டுபவை, பி.வி.சி. அப்படியன்று, 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் மீட்டர் அதற்கு மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உள்ளதைவிட மிகுந்த மதிப்பையே காட்டும்.

அறிகுறி: 7 மெகாஹெர்ட்ஸில் கண்ட காரணி 28 இலும் 144 இலும் பொருந்தவில்லை

பொருந்தாதுதான். கம்பி குட்டையாகக் குட்டையாக அதன் நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் குறைந்து சூழல் எண் இறங்குகிறது. எடுத்துக்காட்டுக் கம்பிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் 0.975, 28 இல் 0.970, 144 இல் 0.962 என்று வரும். பொருளின் விடுதிறன் மாறாமலே இத்தனை வேறுபாடு.

அறிகுறி: கணினி மாதிரியும் அளவீடும் ஒத்துப்போகவில்லை

ஆன்டெனாவைக் கணினியில் மாதிரியாக்கும், 1981இல் வெளியான நெக்-2 நிரலுக்கு உறை என்பதே தெரியாது. நெக்-4 இல் அதற்கெனத் தனி ஐஎஸ் அட்டை (உள்ளீட்டுக் கோப்பில் ஒரு வரி) இருக்கிறது. ஈசிநெக் என்ற நிரல் கம்பி அட்டவணையிலேயே உறையின் தடிமனையும் விடுதிறனையும் கேட்கிறது. நெக்-2 ஐ நம்பியிருப்பவர்கள் இரண்டு மாற்றங்களைச் சேர்த்தே செய்ய வேண்டும். கம்பியின் ஆரத்தை, உறை எண்ணின் அடுக்குக்குறி மதிப்பால் (e இன் அடுக்காக உறை எண்ணை வைத்தால் வருவதால்) பெருக்கி, அதாவது 0.9 மி.மீ. ஆரத்தை 1.57 ஆல் பெருக்கி 1.41 மி.மீ. என்று கொடுக்க வேண்டும். கூடவே கம்பியில் மின்சுமை சேர்க்கும் எல்டி 2 அட்டையின் மூலம் மீட்டருக்கு 0.2 × உறை எண் மைக்ரோஹென்றி, அதாவது 0.09 மைக்ரோஹென்றி மின்தூண்டலைக் கம்பி முழுவதிலும் பரப்ப வேண்டும். ஆரத்தைப் பெருக்குவது கூடுதல் மின்தேக்குத்திறனைத் தருகிறது. அப்படிப் பெருக்கியதால் குறைந்துபோன மின்தூண்டலை எல்டி அட்டை திருப்பித் தருகிறது. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் மாதிரி பிசகும்.

மாதிரி எதிர்பார்த்ததோடு கொஞ்சமும் தொடர்பில்லாத விடையைத் தந்தால், எல்டி அட்டையில் அலகு தவறியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கொடுக்க வேண்டியது ஹென்றி, மைக்ரோஹென்றி அன்று. 9 ஐத் தொடர்ந்து பத்தின் அடுக்கு −8 வர வேண்டும். மாறாக, ஒத்ததிர்வு அளவுக்கு மீறி இறங்கினால், வேகக் காரணிக்காகக் கம்பியை ஏற்கெனவே நீட்டி வரைந்துவிட்டு அதன் மேல் உறையையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உறையை மாதிரிக்குள் கொண்டுவந்த பின் நீளங்கள் அனைத்தும் நாடாவால் அளந்த உண்மை நீளங்களாகவே இருக்க வேண்டும். எல்டி அட்டையில் கம்பி எண்ணும் துண்டு எண்களும் சுழியாக இருந்தால் அது மாதிரியிலுள்ள எல்லாத் துண்டுகளுக்கும் பொருந்தும். கேபிளின் வெளியுறையையோ உலோகக் கம்பத்தையோ மாதிரியில் சேர்த்திருந்தால் அவற்றுக்கும் சத்தமில்லாமல் இந்த மின்தூண்டல் ஒட்டிக்கொள்ளும்.

ஆரத்தைப் பெருக்கியதில் ஒரு பக்க விளைவு உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. தடித்த கம்பி என்று நம்பி நிரல் செம்பின் இழப்பைக் குறைத்துக் காட்டும். கம்பியின் கடத்துதிறனைக் குறிக்கும் எல்டி 5 அட்டையில் அந்தக் கடத்துதிறனை, மெய்யான ஆரத்துக்கும் பெருக்கிய ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் குறைத்தால், நம் எடுத்துக்காட்டில் 0.41 ஆல் பெருக்கினால், இழப்பு சரியாகிவிடும். ஒரே துண்டுக்கு எல்டி 2 உம் எல்டி 5 உம் வந்தால் நெக்-2 இரண்டையும் கூட்டிக்கொள்கிறது. அதைக் குறித்து அது அச்சிடும் குறிப்பைப் பிழையென்று எண்ணிப் பதற வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் 1 சதவீதம் இடித்தால், வெற்றுக் கம்பியின் அளவீட்டையும் வெற்றுக் கம்பியின் மாதிரியையும் முதலில் ஒப்பிட வேண்டும். அங்கேயே அந்த 1 சதவீதம் இருந்தால் குற்றம் உறையில் இல்லை. தரையின் பண்புகள், தொய்வு, நடு இணைப்பின் வடிவம் ஆகியவற்றில் இருக்கிறது. உறையின் விடுதிறனை 6 அல்லது 7 என்று ஏற்றிப் பொருத்தம் காண்பது, தராசில் கல்லை மாற்றி எடையைச் சரிசெய்வது போன்றது.

அறிகுறி: எஸ்.டபிள்யூ.ஆர். அருமை, ஆனால் யாகியின் முன்-பின் விகிதம் மோசம்

வெற்றுக் கம்பிக்கு எழுதப்பட்ட அளவுகளை வைத்து உறையுள்ள கம்பியில் யாகியோ (ஒரு திசையில் வலுவாக வீசும் பல உறுப்பு ஆன்டெனா) வளைவு ஆன்டெனாவோ கட்டியவர், ஊட்டப்படும் உறுப்பை மட்டும் வெட்டி எஸ்.டபிள்யூ.ஆரைச் சரிசெய்துகொண்டால் இப்படி ஆகும். பின்னால் நிற்கும் எதிரொலிப்பானும் முன்னால் நிற்கும் இயக்குவானும் இன்னும் 3 சதவீதம் கீழேயே ஒத்ததிர்ந்துகொண்டிருக்கும். இயக்குவான் பொதுவாக இயங்கு அதிர்வெண்ணுக்குச் சில சதவீதமே மேலே ஒத்ததிரும்படி வைக்கப்படுவதால், இந்தச் சரிவு அதைத் தன் வேலையைச் செய்ய முடியாத இடத்துக்கே தள்ளிவிடக்கூடும். மருந்து எளிது: எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும், உறுப்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தைத் தொடக்கூடாது, ஏனெனில் அங்கே அலை காற்றில் செல்கிறது. மாதிரியில் முழு வடிவத்தையும் வேகக் காரணியால் பெரிதாக்கும் குறுக்குவழி இங்கேதான் ஏமாற்றும். அது தூரங்களையும் சேர்த்து நீட்டிவிடும்.

அறிகுறி: இரட்டைக் கம்பியால் செய்த மடிந்த டைபோல் எங்கும் பொருந்தவில்லை

இங்கே ஒரே கம்பியில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. இரு கடத்திகளிலும் ஒரே திசையில் ஓடும் ஆன்டெனா மின்னோட்டத்துக்கு வேகக் காரணி 0.95க்கு மேல், எதிரெதிர்த் திசையில் ஓடும் இணைத்தட மின்னோட்டத்துக்கு 300 ஓம் நாடாக் கேபிளில் ஏறக்குறைய 0.82. முனைகளில் குறுக்கிணைத்தால் ஒவ்வொரு பாதியும் கால் அலையைவிட நீண்ட தடமாகி, ஊட்டுமுனையில் மின்தேக்கிபோல் நடந்துகொள்ளும். குறுக்கிணைப்புகளை நடுவிலிருந்து கால் அலையின் 0.82 பங்கு தூரத்துக்கு உள்ளே நகர்த்தினால் தொல்லை தீரும். முனைகளின் மொத்த நீளம் ஆன்டெனா வேகத்துக்கு ஏற்பவே இருக்கட்டும்.

அறிகுறி: மழையில் ஒத்ததிர்வு இறங்கி, காய்ந்ததும் திரும்புகிறது

நீரின் விடுதிறன் ஏறத்தாழ 80. அது உறையின் மேல் இன்னொரு உறை. ஒவ்வொரு அடுக்கின் உறை எண்ணையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். 0.1 மி.மீ. நீர்ப்படலம் எடுத்துக்காட்டுக் கம்பியின் உறை எண்ணை 0.45 இலிருந்து 0.51 ஆக்கும், 7.1 மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 20 முதல் 25 கிலோஹெர்ட்ஸ் இறக்கம். பனிக்கட்டி உறைந்தால் தடிமன் காரணமாக விளைவு பன்மடங்காகும்: 5 மி.மீ. தடிமனில் ஒத்ததிர்வு 5 சதவீதத்துக்கும் மேல் சரியும். ஆகவே அளவீட்டைக் காய்ந்த கம்பியில் செய்ய வேண்டும்; விடியற்காலைப் பனியில் அளந்த எண்ணை நம்பிக் கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது. காய்ந்த பின்னும் ஒத்ததிர்வு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், வெடித்த உறைக்குள் நீர் புகுந்து இழைகளுக்கிடையே தங்கியிருக்கிறதா என்று முனைகளையும் நடு இணைப்பையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.